மெர்சிங் மழையும் பத்து பஹாட் மழையும்

ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில் இருப்பது மெர்சிங். மேற்குக் கரையில் இருப்பது பத்து பஹாட். நேர்கோட்டில் அளந்தால் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 120 கிலோமீட்டர். நடுவே குளுவாங். தெற்கே, ஜொகூர் பாருவை அடுத்துச் செனாய். இந்த நான்கு ஊர்களிலும் வானிலை நிலையங்கள் உண்டு. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் உள்ள சிறு மாநிலத்துக்கு நான்கு நிலையங்கள் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். ஆண்டு முழுவதும் ஒரே புழுக்கம், ஒரே மழை என்பதுதானே இந்நாட்டைப் பற்றிய பொதுவான எண்ணம். ஆனால் நான்கு நிலையங்களின் ஏடுகளையும் அருகருகே விரித்து வைத்தால் ஜொகூர் ஒன்றல்ல, இரண்டு என்று தோன்றும். அந்தத் தோற்றத்தில் வானம் எழுதியது எவ்வளவு, அளந்தவரின் கையும் கடிகாரமும் எழுதியது எவ்வளவு என்று பிரித்தறிவதுதான் கடினமான காரியம்.

ஊருக்கு ஊர் மழையை ஒப்பிடும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று. நம்முடைய பஞ்சாங்கங்கள் இன்றும் ஆண்டின் மழையை மரக்கால் கணக்கில் சொல்கின்றன. உழவன் தன் நிலத்து ஈரத்தைக் கொண்டு 'ஒரு உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்று அளந்தான். கௌடலீயரின் அர்த்த சாஸ்திரம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. அரசனின் பண்டகசாலையில் ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரத்தை மழை அளக்க வைக்கச் சொல்வதோடு நில்லாமல், வறண்ட நிலத்துக்கு 16 துரோணம், நீர்வளம் மிக்க நிலத்துக்கு அதில் ஒன்றரை மடங்கு, அச்மக நாட்டுக்குப் பதின்மூன்றரை, அவந்திக்கு 23 என்று நாட்டுக்கு நாடு வேறுபாடும் சொல்கிறது. விதைப்பும் வரியும் அந்த அளவைச் சார்ந்து நின்றன. கொரியாவில் செஜோங் மன்னர் காலத்தில், 1441, 1442ஆம் ஆண்டுகளில், ஒரே அளவான மழைமானிகள் செய்யப்பட்டு மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டன. 'ஒரே அளவான' என்பதைக் கவனிக்கவேண்டும். ஒப்பீட்டின் முதல் நிபந்தனை அங்கேதான் ஓர் அரசாங்கக் கட்டளையாக வடிவெடுத்தது.

ஐரோப்பாவில் 1780இல் மன்ஹைம் நகரில் அமைந்த வானிலைக் கழகம் தன் உறுப்பினர்களுக்கு ஒரே மாதிரியான கருவிகளை இலவசமாக அனுப்பி, காலை 7, பிற்பகல் 2, இரவு 9 மணிக்கு எல்லாரும் அளக்கவேண்டும் என்று விதித்தது. கருவி ஒன்றாக இருந்தால் போதாது. நேரமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் கோல்டிங்ஹாம் 1796இல் வானிலை அளவுகளைத் தொடங்கினார். எனினும் இந்தியாவின் மாகாணங்கள் நெடுங்காலம் தத்தம் வழியிலேயே அளந்துகொண்டிருந்தன. ஒரு மாகாணத்து எண்ணை மற்றொரு மாகாணத்து எண்ணோடு வைத்துப் பேச வழியில்லை. 1875இல் அகில இந்திய வானிலை இலாகா ஏற்பட்டு பிளான்ஃபோர்டு அதன் பொறுப்பை ஏற்றபோது இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதே அவருடைய முதல் வேலையாக இருந்தது.

ஜொகூர் இந்த வரிசையில் பிந்தி வந்தது. தொடுவாய்க்கு அக்கரையில், சிங்கப்பூரில், 1869 முதலே மருத்துவ இலாகாவினர் மழையை முறையாக அளந்து வந்தனர். ஜொகூர் சுல்தானின் தனியாட்சியாக நீடித்து, 1914இல்தான் முழு அதிகாரம் படைத்த பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்றது. ரயில் பாதை 1909இல் ஜொகூர் பாருவை எட்டியது; பாதையின் இருபுறமும் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. மலாயா முழுவதற்குமான வானிலை இலாகா 1929இல், சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. ஆகவே ஜொகூரின் மழைக் கணக்கு பால்மரத்தோடு சேர்ந்து வளர்ந்த கணக்கு என்று சொல்வது மிகையாகாது.

அந்தக் கணக்கை எழுதியவர்கள் யார்? இலாகாவின் முதல்தர நிலையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மழைமானிகளோ ஆஸ்பத்திரிகளிலும் போலீஸ் நிலையங்களிலும் ரப்பர் தோட்டங்களிலும் சிதறிக் கிடந்தன. தோட்டத்தில் அந்த வேலை ஆபீஸ் கிராணியின் தலையில் விழும், அல்லது டிரசரின் தலையில். தமிழரும் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும் நிறைந்திருந்த உத்தியோகம் அது. பெரட்டு முடிந்து ஆட்கள் வெட்டுக்குப் போனபின், செம்புப் பாத்திரத்தில் தேங்கிய நீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு வரை பார்த்து ஏட்டில் எழுதவேண்டும். மாதக் கடைசியில் கூட்டி அனுப்பவேண்டும். மழையில்லாத நாளிலும் 'இல்லை' என்று எழுதவேண்டும். எழுதாமல் விட்ட நாளையும் மழையில்லாத நாளையும் பின்னால் வருபவன் வேறுபடுத்திப் பார்க்க முடியாது. மலாயாவின் மழையைப் பற்றி 1959, 1960ஆம் ஆண்டுகளில் டபிள்யூ. எல். டேல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்றும் எடுத்துக் காட்டப்படுகிறது. அதுபோன்ற நூல்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது இத்தகைய ஏடுகள்தாம்.

இனி அந்த ஏடுகள் சொல்வது என்ன என்று பார்ப்போம். மெர்சிங்கில் மழை நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் குவிகிறது. வடகிழக்குப் பருவக் காற்று தென்சீனக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து கிழக்குக் கரையில் இறக்கி வைக்கிறது. அங்கே ஜூன், ஜூலை மாதங்கள் வறட்சி. மேற்குக் கரையின் கதை வேறு. அங்கே அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகுதி. பிப்ரவரியில் மிகக் குறைவு. கிழக்கே காய்கிற மே முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில், மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் 'சுமத்திரா' என்ற சூறைக்காற்று இடியும் மழையுமாக வந்து மேற்குக் கரையை அடிக்கிறது. டேல் மலாயாவை மழைப் பிரிவுகளாக வகுத்தபோது போர்ட் டிக்சனிலிருந்து மூவார் வரையிலான கரையைத் தனிப் பிரிவாகவே வைத்தார். ஜொகூரின் ஒரு மூலை அதில் சேர்ந்துவிடுகிறது.

ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. மெர்சிங்குக்கும் மற்ற ஊர்களுக்கும் ஆண்டுக் கணக்கில் உள்ள வித்தியாசம் சில நூறு மில்லிமீட்டர்தான். ஆனால் பால் வெட்டுகிறவனுக்கு ஆண்டு மொத்தத்தால் என்ன பயன்? மாலையில் கொட்டும் இரண்டு அங்குல மழை அவனுக்கு ஒரு பொருட்டன்று. விடியற்காலையில் பெய்யும் கால் அங்குல மழை மரப்பட்டையை நனைத்து, கோப்பையில் வடியும் பாலைக் கழுவிக்கொண்டு போய்விடும். நாட்கூலிக் காலத்தில் வெட்டு நின்ற நாள் வயிறு காய்ந்த நாள். சுமத்திரா அடிக்கும் மேற்கு ஜொகூரில் ஜூன் மாதம் இப்படிப் போகும். கிழக்கே டிசம்பரில் தொடர்ந்தாற்போல் நாட்கள் போகும். இரண்டு தோட்டங்களின் ஆண்டு மழை ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு லயங்களின் அடுப்புகள் ஒன்றுபோல எரிவதில்லை. மழை எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே பெரிய கேள்வி.

'எப்போது' என்று கேட்கும்போதுதான் கடிகாரம் குறுக்கே வருகிறது. ஒரு நாளின் மழை என்பது காலை 8 மணி முதல் மறுநாள் காலை 8 மணி வரை பெய்தது என்பது வழக்கம். ஆனால் மலாயாவின் எட்டு மணி ஓரிடத்தில் நிற்கவில்லை. 1905இல் இந்நாட்டுக் கடிகாரம் கிரீனிச்சைவிட 7 மணி முன்னே இருந்தது. 1933இல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் டோக்கியோ நேரத்தைத் திணித்தபோது ஒரேயடியாக ஒன்றரை மணி ஏறியது. 1945இல் அது பழைய ஏழரைக்குத் திரும்பியது. 1982 ஜனவரி முதல் தேதியிலிருந்து மலேசியா முழுவதும் 8 மணி வித்தியாசம். ஆக, கடிகாரத்தைப் பார்த்து எட்டு மணிக்கு அளந்து வந்த இடத்தில், 1932க்கும் 1982க்கும் இடையே அளக்கும் நேரம் சூரியனின் கணக்கில் ஒரு மணி முன்னதாக நகர்ந்துவிட்டது. மாலை மழை பெய்யும் ஊரில் இதனால் ஒன்றும் கெடாது. பத்து பஹாட் போன்ற ஊரில், விடிந்து வெகுநேரம் வரை நீடிக்கும் சுமத்திரா மழையின் வால் ஒரு காலத்தில் முதல் நாள் கணக்கிலும், இன்னொரு காலத்தில் மறுநாள் கணக்கிலும் விழும். மாத மொத்தம் மாறாது. 'ஒரே நாளில் பெய்த அதிக மழை' மாறிவிடும். பாலத்துக்கும் வடிகாலுக்கும் அளவு குறிக்கிற எஞ்சினீயர் கேட்பது அந்த எண்ணைத்தான். இப்படி வெட்டுப்படும் மழையை ஈடுசெய்ய, நாள் மழையின் உச்ச அளவை ஏறக்குறைய 1.13ஆல் பெருக்கிக்கொள்வது அவர்களுடைய வழக்கம்.

மழைமானி நிற்கும் இடமும் பொய் சொல்லும். லண்டனில் 1766, 1767ஆம் ஆண்டுகளில் ஹெபர்டன் என்ற மருத்துவர் மூன்று மானிகளை வைத்தார். ஓராண்டில் தரையருகே இருந்தது 22.6 அங்குலம் காட்டியது. வீட்டுக் கூரைமேல் இருந்தது 18.1. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உச்சியில் இருந்தது 12.1 மட்டுமே. ஒரே வட்டாரம், ஒரே மழை! உயரே காற்று வேகமாக வீசி மழைத்துளிகளை மானியின் வாய்க்கு வெளியே தள்ளிவிடுகிறது என்று 1861இல் ஜெவன்ஸ் விளக்கினார். இதை ஜொகூருக்குப் பொருத்திப் பார்க்கலாம். மெர்சிங்கில் கடற்காற்று மோதும் திறந்த மேட்டில் உள்ள மானியும், நாலாபுறமும் பால்மரம் சூழ்ந்த தோட்ட ஆபீஸ் முற்றத்து மானியும் ஒரே நீதியில் அளப்பதில்லை. நட்ட புதிதில் கன்றாக இருந்த மரம் பத்தாண்டில் வளர்ந்து மானியின்மேல் நிழலும் கிளையும் விரிக்கும். மறுநடவில் மரம் விழுந்தால் மானிக்கு மீண்டும் வானம் திறக்கும். தோட்டத்து மழை குறைந்து கூடியதாக ஏடு காட்டும். வானம் எதையும் மாற்றியிருக்காது.

அளவுக் குழாயும் கவனிக்கத்தக்கது. மானியின் வாய் 5 அங்குலமாகவும் இருக்கலாம், 8 அங்குலமாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழாய். ஐந்தங்குல மானியின் குழாய் உடைந்து, கைக்குக் கிடைத்த எட்டங்குல மானியின் குழாயால் அளந்தால், பத்து பங்கு மழையில் நான்கு பங்குகூட ஏட்டில் ஏறாது. பின்னர் 1970களில் அங்குலம் போய் மில்லிமீட்டர் வந்தது. 25.4ஆல் பெருக்கும் வேலைதான். ஆனாலும் ஆயிரக்கணக்கான வரிகளைப் பெருக்குகிற கைக்குத் தவறு நேர்வது இயல்பு.

உஷ்ணநிலையை ஒப்பிடுவது மழையைவிட எளிது என்று தோன்றும். தாமஸ் ஸ்டீவன்சன் 1864இல் விவரித்த வெள்ளை மரப்பெட்டி உலகெங்கும் பரவி, வெயிலும் மழையும் நேராகப் படாமல் உஷ்ணமானிகளைக் காத்து வந்திருக்கிறது. ஜொகூரில் ஊருக்கு ஊர் வித்தியாசமும் சிறிது. ஆனால் சிறிது என்பதே இங்கே தொல்லை. குளுவாங் நிலையம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 90 மீட்டர் மேலே. பத்து பஹாட் நிலையம் சில மீட்டரே மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கின்படி, உயரம் ஒன்றே குளுவாங்கை அரை டிகிரிக்கு மேல் குளிர்விக்கப் போதுமானது. இதைக் கழிக்காமல் 'குளுவாங் குளிர்ந்த ஊர்' என்று சொன்னால் அது மலையேறியவனை நெட்டையன் என்று சொல்வது போலாகும். ஒரு நிலையம் சராசரியை, நாளின் உச்ச உஷ்ணத்தையும் தாழ்ந்த உஷ்ணத்தையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பெறலாம். இன்னொன்று 24 மணி நேர அளவுகளையும் கூட்டி வகுக்கலாம். இரண்டு விடைகளும் ஒன்றாக இரா. நூற்றாண்டுக்கு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று உலகம் சூடாவதைப் பற்றிப் பேசும் காலத்தில் அரை டிகிரி அற்பமான தொகையன்று.

இடம் பெயரும் நிலையம் இதைவிடக் கடினமான சோதனை. சிங்கப்பூரின் வானிலை நிலையம் 1929இல் ஃபேபர் குன்றில் தொடங்கி, நிலம் வேறு காரியங்களுக்குத் தேவைப்படவே மீண்டும் மீண்டும் பெயர்ந்து, 1984 முதல் சாங்கியில் இருக்கிறது. குன்றின் மேல் ஒரு காலம், கடலோர விமான நிலையத்தில் ஒரு காலம். இடையே 1942 முதல் 1947 வரை உஷ்ணநிலைக் கணக்கே இல்லை. ஜொகூரும் அதே போரைக் கண்டது. 1942 ஜனவரியில் மெர்சிங்குக்கு வடக்கே எண்டாவில் ஜப்பானியர் கரையிறங்கினர். தெற்கு நோக்கி ஓடிய சைனியங்களுக்கு நடுவே மழைமானியைப் பார்க்க யாருக்கு நேரம்? முப்பதாண்டுச் சராசரியே ஓர் ஊரின் இயல்பைக் காட்டும் என்று 1935இல் வார்சா மாநாட்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. மலாயாவின் முப்பது ஆண்டுகளிலோ நடுவே ஒரு பள்ளம்.

பள்ளத்தைத் தூர்க்க வழி உண்டு. பக்கத்து நிலையம் ஒன்றில் கணக்கு தொடர்ந்திருந்தால், இரண்டும் ஒன்றாக அளந்த ஆண்டுகளின் விகிதத்தைக் கண்டு, விடுபட்டதை மதிப்பிடலாம். நிலையம் மாறியதா என்று கண்டுபிடிக்கவும் ஓர் எளிய உபாயம் இருக்கிறது. ஒரு நிலையத்தின் மழையை ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக்கொண்டே போய், சுற்றியுள்ள பல நிலையங்களின் சராசரியை அதேபோல் கூட்டி, ஒன்றுக்கு எதிராக மற்றொன்றைத் தாளில் குறிக்கவேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் செல்லும். ஓர் ஆண்டில் கோடு வளைந்தால், அந்த ஆண்டில் வானம் மாறவில்லை. மானி மாறியது, அல்லது இடம், அல்லது ஆள். மழை குறைந்தால் எல்லா ஊரிலும் சேர்ந்தல்லவா குறையும்? ஒன்றில் மட்டும் குறைந்தால் கிராணியின் ஏட்டைப் புரட்டவேண்டியதுதான். 'மானி இன்று இடம் மாற்றப்பட்டது' என்று யாரோ ஓரத்தில் எழுதி வைத்த ஒரு வரிக்கு அப்போது பொன் விலை.

ஆயினும் இந்த உபாயம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. பக்கத்து நிலையங்கள் ஒரே வானத்தின் கீழ் இருக்கவேண்டும். மெர்சிங்கின் கோட்டைப் பத்து பஹாட்டைக் கொண்டு சரிபார்க்கப் புகுந்தால், இல்லாத பிழைகளையெல்லாம் கண்டுபிடிக்கலாம். ஜொகூரில் அண்மை என்பது மைல்கணக்கு அன்று. எந்தப் பருவக்காற்றுக்கு முகம் காட்டுகிறது என்பதே அண்மை.

இரண்டு ஜொகூர்களும் ஒன்றான காலமும் உண்டு. 2006 டிசம்பர் 17 முதல் 20 வரை பெய்த மழை கிழக்குக் கரையோடு நிற்கவில்லை. தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவாங்சா மலைத்தொடர் ஜொகூரை எட்டுமுன்பே முடிந்துவிடுகிறது. இங்கே தனித்தனிக் குன்றுகள்தாம். வடகிழக்குக் காற்று வழக்கத்துக்கு மாறாகப் பூமத்திய ரேகையை ஒட்டி வந்து வீசியபோது அதைத் தடுக்க மதில் இல்லை. அவ்வாண்டு பருவத்தில் போர்னியோவுக்கு அருகே வழக்கமாகச் சுழலும் காற்றுச்சுழி இல்லாமற்போனதும், இந்து சமுத்திரத்தின் நிலையும் சேர்ந்து இதற்கு வழிவிட்டதை மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் பிரெடோலின் தங்காங்கும் அவருடைய சகாக்களும் 2008இல் ஆராய்ந்து வெளியிட்டனர். சிங்கப்பூரில் டிசம்பர் 19இல் 24 மணி நேரத்தில் 366 மில்லிமீட்டர் பதிவாயிற்று. ஜொகூரில் சிகாமட், மூவார், பத்து பஹாட், குளுவாங், கோத்தா திங்கி என்று கிழக்கு மேற்கு பாராமல் வெள்ளம் புகுந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேறினர். இது நூறாண்டுக்கு ஒருமுறை வருகிற மழை என்றார்கள். வெளியேறியவர்கள் வீடு திரும்பிச் சேற்றை வாரிக்கொண்டிருந்த ஜனவரியில் மழை மறுபடியும் வந்தது. கோத்தா திங்கியில் ஆற்று நீர் டிசம்பரில் 4.90 மீட்டரைத் தொட்டது. ஜனவரியில் அதையும் தாண்டி 5.45 மீட்டருக்கு ஏறியது.

'நூறாண்டுக்கு ஒருமுறை' என்ற சொல்லைக் கேட்டவர்கள், இனித் தம் ஆயுளில் வராது என்று எண்ணினால் அது அவர்கள் குற்றமன்று. அச்சொல்லின் உண்மைப் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான். முப்பது ஆண்டு வீட்டுக்கடன் வாங்கி ஆற்றங்கரையில் குடியேறியவருக்கு, கடன் தீருமுன் அத்தகைய வெள்ளத்தைக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 26. அந்த 'நூற்றுக்கு ஒன்று' என்ற கணக்கும் நூறாண்டு ஏட்டிலிருந்து வருவதில்லை. போர்ப் பள்ளத்துக்குப் பிந்திய ஐம்பது அறுபது ஆண்டுகளின் உச்ச மழைகளை வரிசைப்படுத்தி, கோட்டைத் தாளுக்கு வெளியே நீட்டிப் பெறுகிற எண் அது. அந்த வரிசையில் ஒரு நாள் மழை எட்டு மணிக் கோட்டால் இரண்டாகப் பிளந்திருந்தாலும், மரநிழலில் ஒரு மானி குறைத்து அளந்திருந்தாலும், நீட்டிய கோடு தாழ்ந்துபோகும். அதை நம்பிக் கட்டிய கரையும் தாழ்ந்துபோகும். 2006 டிசம்பரும் 2007 ஜனவரியும் சேர்ந்த பின் ஜொகூர் ஆற்றின் உச்ச அளவுகளை மறுபடி வரிசைப்படுத்தினால், முன்பு நூறாண்டுக்கு உரியதாக இருந்த மட்டம் ஐம்பதாண்டுக்கோ அதற்கும் குறைந்த காலத்துக்கோ உரியதாக இறங்கக்கூடும். கோத்தா திங்கியில் அடுத்த கரையை எவ்வளவு உயரம் எழுப்புவது என்பது அந்த வரிசையில் இருக்கிறது.